அடுத்த வெள்ளி முதல் பெற்றோர் கூட்டம், என்னதான் பேசுவது?

தாமிரபரணிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம்தான் வேலையில் சேர்ந்தேன். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அறிவியல் பாடம். எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர், 31 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் எல்லாம் கொடுத்தாயிற்று.

வழக்கமாக மதியம் மூன்று மணிக்குப் பெற்றோரைக் கூப்பிடுவார்களாம். போன வருஷம் இந்த வகுப்புக்கு வந்தது ஏழு பேர். அதனால் இந்த முறை சாயந்தரம் ஐந்தரைக்கு வைக்கலாம் என்று எச்.எம். முடிவு செய்திருக்கிறார். அவரவர் வகுப்புப் பெற்றோரிடம் அவரவர் பேச வேண்டும்.

பிள்ளைகளிடம் எனக்குப் பயமே இல்லை. 31 பேரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் சமாளித்துவிடுவேன். எதிரில் பெரியவர்கள் உட்கார்ந்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயது 26. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நான் 'அவிய வந்தாவளா' என்று ஒருமுறை கேட்டுவிட்டேன், கடைசி பெஞ்சு ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தது. பி.எட். படித்தபோது பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை தேய்ந்தது. அம்மா அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பீரியடுகூட நடத்தவில்லை.

மார்க்கை எல்லோர் முன்னாலும் சொல்லலாமா? முதல் பீரியடில் தினமும் தூங்கி விழுகிற பையனைப் பற்றி அவன் வீட்டாரிடம் எப்படி ஆரம்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செக்கானூரணி சார்

முதலில் அந்த ஐந்தரையை மாற்றச் சொல்லுங்கள். அது நமக்கு வசதியான நேரம், பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். உங்கள் ஊரில் சாயந்தரம் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பால் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும். 100 நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போன அம்மா வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, உலை வைப்பதற்குள் ஆறு மணி. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், அவர்கள் ராத்திரி எட்டுக்கே படுத்துவிடுவார்கள். ஆக உங்களுக்குக் கிடைப்பது ஆறேகாலிலிருந்து ஏழரை வரை. அவ்வளவுதான்.

பஸ்ஸையும் பாருங்கள். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி. ஆனால் கடைசி டிரிப் எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர்களை முதலில் பேசி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், சொல்லி அனுப்பும் விதம். "டீச்சர் வரச் சொன்னாங்க" என்று பிள்ளை வீட்டில் போய் நின்றால் முதல் கேள்வி "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்பதுதான். பாதிப் பிள்ளைகள் அந்தச் சீட்டைப் பையை விட்டே எடுக்காது. சீட்டிலேயே ஒரு வரி சேருங்கள்: 'புகார் எதுவும் இல்லை. சும்மா பேசத்தான் கூப்பிடுகிறோம்.'

சாக்பீஸ் தாத்தா

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி என்று முப்பத்து நான்கு வருஷம். கேட்காமலேயே நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள். யார் எங்கே உட்காருவது என்று முதலில் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பார். எதிரே மேசைக்கு அந்தப்பக்கம் நாற்காலியில் நாம். அது பள்ளிக்கூடம் இல்லை, கோர்ட்டு. மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். நீங்களும் அதே பெஞ்சில் உட்காருங்கள்.

மார்க்கைச் சபையில் வாசிக்கவே கூடாது. பொதுத்தேர்விலேயே முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை 2017இல் அரசாங்கம் நிறுத்திவிட்டது. நம் ஆட்கள்தான் இன்னும் பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்து முதல் மூன்று பேரைப் படிப்பார்கள். கைதட்டுவது ஆறு கை. தலை குனிவது மற்ற எல்லோரும்.

பத்தே நிமிஷத்தில் ஒருவர் சொல்லுவார்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்." இது மதுரைச் சீமையின் தேசிய கீதம். அவர் கொடுமைக்காரர் இல்லை. 'பிள்ளை இனி உன் பொறுப்பு' என்பதை அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் நீங்கள் சிரித்து மழுப்பக்கூடாது, பிள்ளை பக்கத்திலேயே நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அதற்காகச் சட்டப் பிரிவை அவரிடம் ஒப்பிக்காதீர்கள். நான் இப்படிச் சொல்லுவேன்: "அடிக்க நான் எதுக்குண்ணே, அதுக்கு ஊர்ல ஆளா இல்ல? படிக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம்."

கடைசியாக, வருகைப் பதிவேடு. "கையெழுத்தா, ரேகையா?" என்று சத்தமாகக் கேட்பதைப் போல அவமானம் வேறில்லை. பேனாவையும் மை டப்பாவையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு எங்காவது பாருங்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அப்பத்தா வருவார். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். பெயரில் ஐந்தே எழுத்து. முதல் எழுத்தை எழுதிவிட்டுப் பேனாவை எடுத்து, அதைப் பார்த்து, சரிதான் என்று தெரிந்த பிறகே அடுத்த எழுத்துக்குப் போவார். மொத்தம் இரண்டு நிமிஷம். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில். ஒருவர்கூட முணுமுணுத்ததில்லை. புள்ளி வைத்து முடித்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், கலெக்டர் தோற்றார்.

அண்ணாநகர் மிஸ்

தனியார் பள்ளியில் பதினோரு வருஷம். எங்கள் கதை வேறு. எங்களுக்கு ஆள் வராத பிரச்சினை கிடையாது, வந்தவர் போகாத பிரச்சினைதான். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று டோக்கன் கொடுப்போம். அரை மார்க் ஏன் குறைந்தது என்று விடைத்தாளை விரித்து வைத்து உட்கார்ந்தால் அதுவே இருபது நிமிஷம். போன தடவை ஓர் அப்பா நான் பேசுவதை போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். நான் தெரிந்தே நல்ல தமிழில் பேசினேன். 🙂

தாத்தா சொன்ன பெஞ்சு விஷயம் எங்களுக்கும் பொருந்தும். செய்து பார்க்கப்போகிறேன்.

மூணு சக்கரம்

நான் டீச்சர் இல்லை. மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டுகிறேன், மகள் ஏழாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். போன கூட்டத்துக்குக் காக்கிச் சட்டையோடு நேராக ஸ்டாண்டிலிருந்து போனேன். இரண்டு மணி நேரச் சவாரி போச்சு. டீச்சர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "படிக்க மாட்டேங்குறா, கவனிங்க." அவ்வளவுதான், அடுத்த ஆள். அதுதான் ரேங்க் கார்டிலேயே எழுதியிருக்கிறதே, அதைச் சொல்லவா என்னை வரச்சொல்ல வேண்டும்?

என் மகள் மாட்டை வரைந்தால் மாடு முட்ட வருகிற மாதிரி இருக்கும். ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், அது அந்த டீச்சருக்குத் தெரியவே தெரியாது. எனக்குக் கோபம் அதில்தான்.

பூக்கட்டுற அம்மா

ஒன்று மட்டும் சொல்கிறேன் டீச்சர். போன வருஷம் என் மகன் 'ஸ்லோ லர்னர்' என்று சொன்னார்கள். நான் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் கேட்டுத்தான் அர்த்தம் தெரிந்தது. புரியாத வார்த்தையில் சொல்லாதீர்கள். வைவதென்றால்கூடத் தமிழிலேயே வையுங்கள்.

தாமிரபரணிக்காரி

அம்மா, கட்டாயம். ஆட்டோ அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஒரு நோட்டை எடுத்து 31 பேருக்கும் ஆளுக்கொரு வரி, நானே கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 27 வந்தது. நான்கு பேருக்கு ஒன்றுமே எழுத வரவில்லை. பேர் தெரியும், மார்க் தெரியும், ஜூனிலிருந்து தினமும் பார்க்கிற முகம். வேறு எதுவும் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேரத்தை ஆறேகாலுக்கு மாற்ற எச்.எம். ஒப்புக்கொண்டுவிட்டார்.

சாக்பீஸ் தாத்தா

இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே. அந்த நான்கு பேரையும் பாருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், பயந்துவிடும். மதியச் சாப்பாட்டு வரிசையில் பாருங்கள், வகுப்பில் தெரியாதது அங்கே தெரியும்.

கூட்டல் கழித்தல்

எட்டாம் வகுப்பு என்கிறீர்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 48,000. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு இப்போதே போகச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் போனால் சர்வர் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. "ஒன்பதாவதுக்குத் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் போடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். நாம் வேண்டாம் என்று தடுக்க முடியாது. ஆனால் என்ன போகும் என்று சொல்ல வேண்டும். அந்த உதவித்தொகை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத்தான். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஒன்பதாம் வகுப்பில் மாற்றினால் என்னென்ன கைவிட்டுப் போகும் என்று பெற்றோருக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. உறவுக்காரர் யாராவது சொன்னதைக் கேட்டு டி.சி. வாங்கிப் போய்விடுகிறார்கள்.

எதற்கு வம்பு

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இருபது வருஷமாக வாத்தியார். கூட்டத்துக்கு வருவது படிக்கிற பிள்ளையின் அம்மா அப்பா. யாரிடம் பேச வேண்டுமோ அவர்கள் வருவதே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிஜத்தில் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறது. பெஞ்சைத் திருப்பிப் போட்டால் இது மாறிவிடுமா?

செக்கானூரணி சார்

மாறாது, சரி. ஆனால் அதே மேலாண்மைக் குழுவுக்கு நம் மாநிலத்தில் தலைவர் ஒரு பெற்றோர்தான், பெரும்பாலும் ஓர் அம்மா. யார் வீட்டில் என்ன நிலைமை என்று நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். புத்தகம் வீடு தேடிப் போகலாம் என்றால் டீச்சரும் போகலாம்.

தாமிரபரணிக்காரி

நேற்று கூட்டம் முடிந்தது. வந்து படுத்தவள்தான், இன்றைக்குச் சனிக்கிழமை என்பதால் இப்போதுதான் எழுதுகிறேன்.

31 பேரில் 22 பேர் வீட்டிலிருந்து வந்தார்கள். தூறல் மட்டும் இல்லையென்றால் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்திருப்பார்கள். மேசை சுவரோரம், பெஞ்சுகள் வட்டமாக, பேனாவும் மை டப்பாவும் திறந்தபடி. என் 'அவிய இவிய' வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஓர் அம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு "எங்க மருமகளும் அந்தப் பக்கந்தேன் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நடுக்கம் போய்விட்டது.

தாத்தாவின் தேசிய கீதம் ஏழாவது நிமிஷத்திலேயே வந்தது! நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே பதில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகன் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். சொன்னபடி நடக்கிறேனா என்று இனிமேல் அவன் கவனிப்பான் என்று தோன்றியது.

ஒரு தாத்தா கேட்ட கேள்விக்கு மாட்டிக்கொண்டேன். "எட்டாப்பு வரைக்கும் ஃபெயிலே கிடையாதாமே, அப்புறம் எதுக்குப் பயந்து படிப்பான்?" ஏதோ உளறினேன்.

இப்போது நான் செய்த தப்பு. ஏழு மணிக்கு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். நரைத்த தலை, ஒடுங்கிய கன்னம், ஈரத் தலைத்துண்டு. தூங்கி விழுகிற பையன் கையைப் பிடித்திருந்தான். நான் எழுந்து, மரியாதை என்று நினைத்துக்கொண்டு, "வாங்க பாட்டி, உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. "அம்மாதான் டீச்சர்" என்றார்.

பையன் தரையைப் பார்த்தான். அந்த இடத்திலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாக்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நோட்டில் அவனுக்கு எழுதி வைத்திருந்த வரியை எடுத்துப் படித்தேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. 'மின்சுற்றுப் பாடத்தில் பல்பு எரியாதபோது கம்பி எங்கே விட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் இவன்.' அவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "தூங்குறான்னு சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

விஷயம் இதுதான். மல்லிகை எடுக்க விடியற்காலை மூன்று மணிக்கு இருவரும் போகிறார்கள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகக் கிள்ள வேண்டும். எடைக்குத்தான் கூலி. ஒற்றை ஆளாக எடுத்தால் கட்டுப்படியாகாது. முடித்துவிட்டு அவன் குளித்து ஓடி வருகிறான், முதல் பீரியடில் கண் சொருகுகிறது. அவருடைய விரல் நுனிகள் வெடித்து, நகத்தைச் சுற்றிக் கறுத்திருந்தன. கடைசியில் அவர் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். "மழை வந்துட்டா பூ குறைஞ்சிரும் டீச்சர். அப்ப அவன் தூங்க மாட்டான்."

பூ குறைந்தால் வீட்டில் காசும் குறையும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என்.எம்.எம்.எஸ். பற்றிச் சொன்னேன். 12,000 என்றதும் "மாசத்துக்கா, வருசத்துக்கா?" என்று கேட்டார். பையனைப் பூ எடுக்க அனுப்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

கூட்டல் கழித்தல்

முதலில் அந்தத் தாத்தாவின் கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை ஃபெயிலாக்கக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். தமிழ்நாட்டிலும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டார்கள். தாத்தாவிடம் இவ்வளவும் வேண்டாம். 'ஃபெயிலாக்கினால் பையன் மறு வருஷம் படிக்க வர மாட்டான், வேலைக்குத்தான் போவான்' என்று சொன்னால் போதும். அவர் காலத்தில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று அவருக்கே தெரியும்.

பூ விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் பீரியட் எந்தப் பாடம்?

தாமிரபரணிக்காரி

கணக்கு. 🙁

கூட்டல் கழித்தல்

அதுதான் பார்த்தேன். அந்த உதவித்தொகைத் தேர்வில் கணக்குதான் காலை வாரும். கணக்கு சாரிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாளாவது கணக்கை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கால அட்டவணை கல்வெட்டு இல்லை.

எதற்கு வம்பு

22 பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். மீதி ஒன்பது?

தாமிரபரணிக்காரி

நோட்டில் ஒரு வரிகூட எனக்கு எழுத வராத அந்த நான்கு பேரில் மூன்று பேர் வீடு அந்த ஒன்பதில் இருக்கிறது. மேலாண்மைக் குழுத் தலைவர் அக்கா "நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, காலையில வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றிருக்கிறார்.

மூணு சக்கரம்

டீச்சர், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

தாமிரபரணிக்காரி

கேட்டேன் அண்ணே. "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, விடுங்க" என்றார். விண்ணப்பத்துக்காக அவருடைய ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறந்த வருஷத்தைப் பார்த்தேன். என் அக்காவைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

செக்கானூரணி சார்

நாளைக்கு வெறும் கையோடு போங்கள், பதிவேடு வேண்டாம். காபி கொடுத்தால் குடியுங்கள். நல்ல செருப்பு போட்டுப் போகாதீர்கள், ராத்திரி முழுக்க மழை. கரிசல் மண் கழற்றி வைத்துக்கொள்ளும்.